லிக்டன்ஸ்டைன் பேசும்போது குறிப்பெடுங்கள்

ஐ.நா. கூட்டங்களைக் கவனித்துக் குறிப்பு எழுதுவதுதான் நீண்ட காலம் எனக்கு வேலையாக இருந்தது. நியூயோர்க்கில் ஒரு சிறிய மனித உரிமை அமைப்பு. பாதுகாப்புச் சபையில் என்ன நடந்தது, பொதுச்சபையில் எந்த வரைவு கைமாறிக்கொண்டிருக்கிறது, எந்த நாடு எந்தப் பந்தியில் தகராறு பண்ணுகிறது என்பதை அன்றன்றே எழுதி அனுப்ப வேண்டும். சேர்ந்த புதிதில், அங்கே பல வருடம் பழகிய மூத்தவர் ஒருவர் சொன்னார்: "பெரிய நாடுகள் என்ன பேசும் என்று முன்கூட்டியே தெரியும். லிக்டன்ஸ்டைன் பேசும்போது மட்டும் பேனாவைக் கீழே வைக்காதே."

எனக்கு அந்த நாட்டைப் பற்றி அப்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவில் 160 சதுர கிலோமீட்டர் நிலம், நாற்பதாயிரம் பேர் அளவில் மக்கள். 1868இல் கலைத்த இராணுவத்தைப் பிறகு அமைக்கவே இல்லை. விமான நிலையம் கிடையாது. செலாவணி சுவிஸ் பிராங்க். தூதரகம் இல்லாத இடங்களில் அவர்களுடைய காரியங்களைப் பெரும்பாலும் சுவிஸ் தூதரகங்களே பார்த்துக்கொள்கின்றன. நியூயோர்க்கில் ஐ.நா. தலைமையகத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் மூன்றாவது அவென்யூவில் ஒரு மாடியில் அவர்களுடைய நிரந்தரத் தூதுக்குழு இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் ஒரு கையளவு பேர்.

அந்தக் கையளவு பேர் ஐ.நா.வில் பேசப்படும் எல்லா விடயங்களுக்கும் ஓடுவதில்லை. ஓடவும் முடியாது. பொதுச்சபைக்கு ஆறு பிரதான குழுக்கள் உண்டு. ஒரே நேரத்தில் நாலைந்து அறைகளில் கூட்டம் நடக்கும். சிறிய தூதுக்குழு ஒன்று இதில் இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் எடுக்கலாம். ஏதாவது ஒரு பெரிய கூட்டணியின் அறிக்கையோடு பெயரைச் சேர்த்துக்கொண்டு பேசாமல் இருக்கலாம். அல்லது இரண்டு மூன்று விடயங்களைத் தெரிந்தெடுத்து, வேறு எவருக்கும் இல்லாத அளவு ஆழமாக அவற்றுக்குள் இறங்கலாம். லிக்டன்ஸ்டைன் எடுத்தது இரண்டாவது வழி. சர்வதேசச் சட்டம், போர்க் குற்றங்களுக்குப் பொறுப்புக்கூறல், பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்கள் தீர்மானங்களைத் தடுக்கும் வீட்டோ அதிகாரம். சுற்றிச் சுற்றி இவற்றுக்குள்ளேதான் நிற்பார்கள்.

ஏன் இவை என்பதற்கு அவர்களுடைய வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1920இல், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் சேர விண்ணப்பித்தபோது அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இராணுவம் இல்லை, இறைமையின் சில அதிகாரங்களை வேறு நாடுகளிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள், உறுப்பினருக்குரிய கடமைகளை உங்களால் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு மிகப் பொறுமையாக ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறார்கள். 1950இல், ஐ.நா.வில் உறுப்பினர் ஆகாமலேயே, சர்வதேச நீதிமன்றத்தின் சாசனத்தில் இணைந்தார்கள். ஐந்து வருடத்தில் குவாத்தமாலாவுக்கு எதிராக, குடியுரிமை பற்றிய நொட்டெபோம் வழக்கில் அங்கே தோற்றும் போனார்கள். சர்வதேசச் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் அந்த வழக்கைத் தாண்டிப் போக முடியாது. 1975இல் ஹெல்சிங்கி உடன்படிக்கை, 1978இல் ஐரோப்பிய மன்றம், 1990 செப்டெம்பரில் 160ஆவது உறுப்பினராக ஐ.நா.வில் சேர்ந்தார்கள். வழக்கில் தோற்ற பிறகும் அவர்கள் நீதிமன்றத்தை விட்டு விலகவில்லை என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். படையும் பெரிய சந்தையும் இல்லாத நாட்டுக்குச் சட்டத்தை விட்டால் வேறு காவல் இல்லை. இதை அவர்களுடைய இராஜதந்திரிகள் மேடையில் வெளிப்படையாகவே சொல்வார்கள்.

இன்னொரு விடயம், ஆட்களை அடிக்கடி மாற்றுவதில்லை. மற்ற நாடுகளின் இளம் அதிகாரிகள் மூன்று நான்கு வருடம் இருந்துவிட்டு அடுத்த தலைநகரத்துக்குப் போய்விடுவார்கள். ஒரு வரைவின் வரலாறு அவர்களோடேயே போய்விடும். கிறிஸ்டியான் வெனவேசர் 2002இல் லிக்டன்ஸ்டைனின் நிரந்தரப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றார். இருபது வருடம் கழித்தும் அதே ஆசனத்தில் அவர்தான் இருந்தார். ஒரு நாடு இன்னொன்றின் மீது படையெடுக்கும் ஆக்கிரமிப்புக் குற்றத்துக்கு வரைவிலக்கணம் எழுதிய சிறப்புப் பணிக்குழுவை நடத்தியவர் அவர். தனிநபர்களை விசாரிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் உறுப்பு நாடுகள் பேரவைக்குத் தலைவராக இருந்து, 2010 ஜூனில், ஆக்கிரமிப்புக் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரத்தை அந்த நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் திருத்தத்தைப் பேசிய கம்பாலா மாநாட்டை முடித்துவைத்தவரும் அவரே. கடைசி நாள் நள்ளிரவைத் தாண்டித்தான் ஒருமித்த முடிவு வந்தது. 2012இல் அந்தத் திருத்தத்தை முதலில் உறுதிப்படுத்திய நாடு லிக்டன்ஸ்டைன். அந்தக் குற்றத்தின் மீது நீதிமன்றத்தின் அதிகாரம் நடைமுறைக்கு வந்தது 2018 ஜூலை 17இல். ஒரே விடயத்தை ஒரே ஆள் இத்தனை வருடம் விடாமல் பிடித்திருந்ததை என் வேலைக் காலத்தில் வேறு எங்கும் நான் கண்டதில்லை.

சரி, நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

2014 மே 22. சிரியாவில் நடப்பவற்றைக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பக் கோரும் பிரெஞ்சு வரைவு பாதுகாப்புச் சபைக்கு வந்தது. 13 நாடுகள் கை தூக்கின. ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டன. அவ்வளவுதான், முடிந்தது. எங்கள் அமைப்பில் அந்த வரைவுக்காக மாதக்கணக்கில் வேலை செய்தவர்கள் இருந்தார்கள். அடுத்து என்ன என்று கேட்டால் எவரிடமும் விடை இல்லை. சிரிய அமைப்புகள் சேர்த்து வைத்த படங்களும் ஆவணங்களும் வன்தட்டுகளில் நிரம்பிக்கொண்டே இருந்தன. அவற்றைப் பெற்றுக்கொள்ள ஒரு கதவு கூட இல்லை.

இரண்டரை வருடம் கழித்து லிக்டன்ஸ்டைன், கத்தாரோடு சேர்ந்து, அந்தக் கதவைப் பொதுச்சபையில் தேடியது. அந்த வரைவு முதலில் கைக்கு வந்தபோது எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி நின்று வாசித்தோம். பொதுச்சபையால் ஒரு நாட்டைக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்ப முடியாது. எவரையும் கைது செய்யச் சொல்லவும் முடியாது. ஆனால் தன் வேலைக்குத் தேவையான துணை அமைப்புகளை உருவாக்க ஐ.நா. சாசனத்தின் 22ஆவது உறுப்புரை அதற்கு இடம் தருகிறது. ஆகவே அந்த வரைவு நீதிமன்றம் எதையும் கேட்கவில்லை. ஆதாரங்களைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, பாதுகாத்து, வழக்குக் கோப்புகளாகத் தயாரிக்கும் ஒரு பொறிமுறையைத்தான் கேட்டது. அந்தக் கோப்புகள் யாருக்கு? இன்று விசாரிக்கும் அதிகாரம் உள்ள நீதிமன்றங்களுக்கும், எதிர்காலத்தில் அந்த அதிகாரம் வரக்கூடிய நீதிமன்றங்களுக்கும். அந்த "எதிர்காலத்தில்" என்ற இடத்தில் எங்களோடு இருந்த சட்டத்தரணி நிறுத்தி, திரும்ப ஒருமுறை சத்தமாக வாசித்தார். இன்னும் பிறக்காத நீதிமன்றத்துக்காக இன்றே கோப்புத் தயாரிக்கலாம் என்பது எங்களில் எவருக்கும் அதுவரை தோன்றவில்லை.

2016 டிசெம்பர் 21. அலெப்போவிலிருந்து கடைசி ஆட்களைப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டிருந்த நாட்கள். பொதுச்சபை மண்டபத்தில் முதலில் நடைமுறைச் சண்டை. பாதுகாப்புச் சபையின் கையில் இருக்கும் விடயத்தில் பொதுச்சபை தலையிட முடியாது என்பது எதிர்த் தரப்பு வாதம். அப்புறம் வாக்கெடுப்பு. நாட்டுப் பெயர்களுக்குப் பக்கத்தில் விளக்குகள் எரியத் தொடங்கும்: ஆதரவென்றால் பச்சை, எதிர்ப்பென்றால் சிவப்பு, விலகினால் மஞ்சள். மஞ்சள் நிறைய விழுந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பலகை நின்றபோது ஆதரவு 105, எதிர்ப்பு 15, விலகல் 52. பின்னால் இருந்த சிரியப் பெண் ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அடுத்த பெப்ரவரியில் ரஷ்யா, பொதுச்சபை தன் அதிகாரத்தை மீறிவிட்டது என்று எழுத்திலேயே ஆட்சேபித்தது. பொறிமுறை அதற்காக நிற்கவில்லை. ஜெனீவாவில் அலுவலகம் திறந்தது. தொடக்கத்தில் நாடுகள் விரும்பிக் கொடுத்த காசில் ஓடியது, 2020இலிருந்து ஐ.நா.வின் வழமையான வரவு செலவுத் திட்டத்துக்குள் வந்தது. ஐரோப்பிய நாடுகளின் வழக்குத்தொடுநர்கள் கேட்டால் அது கோப்புகளைக் கொடுக்கிறது. 2024 டிசெம்பரில் அசாத் ஆட்சி விழுந்த சில நாட்களிலேயே அதன் தலைவர் டமாஸ்கஸ் போய்விட்டார். அதற்குள் எட்டு வருட ஆதாரம் அவர்களிடம் சேர்ந்திருந்தது.

நான் இலங்கையின் வடக்கிலிருந்து வந்தவன். அந்தப் பலகையைப் பார்க்கும்போது என் மனதில் சிரியா மட்டும் இருந்தது என்று சொன்னால் அது பொய்.

2017 தொடக்கத்தில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தெருவோரத்தில் போராட்டம் தொடங்கினார்கள். அவர்களில் சிலர் பிறகு மனித உரிமைகள் பேரவையின் கூட்டத்தொடருக்கு ஜெனீவா வந்தபோது, மொழிபெயர்த்து உதவ என்னையும் அனுப்பினார்கள். ஒரு அம்மா பிளாஸ்டிக் உறை ஒன்றுக்குள் மகனின் படம், முறைப்பாட்டுத் துண்டு, மகனைக் கையளித்த இடத்தையும் திகதியையும் எழுதிய தாள், எல்லாவற்றையும் வைத்திருந்தார். சாப்பாட்டு மண்டபத்தில் இருந்து கதைத்தோம். சிரியாவுக்கு அமைத்த பொறிமுறையைப் பற்றி நான் விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர், "தம்பி, அப்ப இந்தத் துண்டுகளை அவையள் வாங்கி வைப்பினமோ?" என்றார். "அது சிரியாவுக்கு மட்டும் அம்மா," என்றேன். "எங்களுக்கும் அப்பிடி ஒண்டைக் கேக்கலாம்தானே?" என்றார்.

கேட்டார்கள். 2021 ஜனவரியில் தமிழ்க் கட்சிகள், பொதுவாக ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவையும் கூட, சிவில் அமைப்புகளோடு சேர்ந்து பேரவையின் உறுப்பு நாடுகளுக்கு ஒரே கடிதம் எழுதின. சிரியாவுக்குப் பொதுச்சபை அமைத்தது போன்ற ஆதாரம் திரட்டும் பொறிமுறை, ஒரு வருடக் காலவரையறையோடு வேண்டும் என்பது அதில் இருந்த கோரிக்கைகளில் ஒன்று. மார்ச்சில் பேரவை இலங்கை பற்றிய 46/1 தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 22, எதிர்ப்பு 11, விலகல் 14, விலகியவர்களில் இந்தியாவும் ஒன்று. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. தனிப் பொறிமுறைக்குப் பதிலாக, மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்துக்குள்ளேயே ஆதாரங்களைத் திரட்டி ஆராய்ந்து பாதுகாக்கும் ஒரு பிரிவு வந்தது. அது குறைந்த பங்குதான். ஆனால் 2016இல் பொதுச்சபையில் அந்த முன்னுதாரணம் உருவாகியிருக்காவிட்டால், 2018இல் மியான்மருக்கும் 2021இல் எங்களுக்கும் அந்தக் கோரிக்கையை எந்த வடிவத்தில் வைப்பது என்பதே தெரிந்திருக்காது. லிக்டன்ஸ்டைனின் தலைநகரமான வடுஸில் இருக்கும் ஓர் அமைச்சுக்கு வன்னியைப் பற்றிய நினைப்பு இருந்திருக்குமா என்றால், இருந்திருக்காது. தேவையும் இல்லை. ஒரு இடத்துக்காகச் சரியாக எழுதிய சட்ட வரைவு வேறு இடங்களுக்கும் உதவும். இதை நான் தொழிலில் கண்ட மிகப் பெரிய உண்மையாகவே நினைக்கிறேன்.

வீட்டோ விடயத்திலும் அவர்கள் இப்படித்தான். முன்பு கொஸ்டாரிகா, ஜோர்தான், சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து ஆகியவற்றோடு சேர்ந்து, பாதுகாப்புச் சபையின் செயல்முறையைத் திருத்தும் ஒரு வரைவைக் கொண்டுவந்தார்கள். 2012 மே மாதம் நிரந்தர உறுப்பினர்களின் அழுத்தத்தில் அது வாக்கெடுப்புக்கு வரும் முன்பே திரும்பப் பெறப்பட்டது. வேறு எவராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். அடுத்த வருடமே கூட இருபது நாடுகள் அளவில் சேர்த்துக்கொண்டு புதிய குழு அமைத்தார்கள். 2015இல் பாரிய குற்றங்களைத் தடுக்கும் தீர்மானங்களுக்கு எதிராக வாக்களிக்க மாட்டோம் என்ற நடத்தைக் கோவை வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள், பிரான்சும் பிரித்தானியாவும் உட்பட, அதில் ஒப்பமிட்டன.

அப்புறம் 2022. உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டிக்கும் வரைவை ரஷ்யா பெப்ரவரி 25இல் வீட்டோ செய்தது. லிக்டன்ஸ்டைனின் மேசையில் பல காலமாகவே ஒரு வரைவு தயாராக இருந்தது: பாதுகாப்புச் சபையில் எவர் வீட்டோ போட்டாலும், பத்து வேலை நாட்களுக்குள் பொதுச்சபை தானாகவே கூடி அதைப் பற்றி விவாதிக்க வேண்டும். எவரும் கூட்டத்தைக் கேட்கத் தேவையில்லை. ஏப்ரல் 26இல் 83 நாடுகளின் இணை அனுசரணையோடு அது வாக்கெடுப்பில்லாமல் நிறைவேறியது. அமெரிக்காவும் இணை அனுசரணை கொடுத்திருந்தது. வரைவு கொண்டுவரப்பட்ட முறை பற்றி இந்தியா குறைப்பட்டுக்கொண்டது, போதிய கலந்துரையாடல் இல்லை என்று. அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் நீண்ட கலந்துரையாடலுக்குள் விழுந்த சீர்திருத்த வரைவுகள் எத்தனை உயிரோடு வெளியே வந்தன என்றும் கேட்க வேண்டும். ஜூன் 8இல் முதல் விவாதம். வட கொரியா பற்றிய வரைவுக்குப் போட்ட வீட்டோவுக்காக ரஷ்யாவும் சீனாவும் மேடையேறி விளக்கம் சொன்னதை நான் குறிப்பெடுத்தேன். பிறகு காசா பற்றிய வரைவுகளுக்கு வீட்டோ போட்ட அமெரிக்காவும் அதே விதிக்குள் வந்தது. தீர்மானத்தை எழுதியவர்கள் அதை எந்த ஒரு நாட்டுக்கும் எதிராக எழுதவில்லை, அதனால்தான் அது நிற்கிறது.

இதனால் வீட்டோ குறைந்ததா? இல்லை. விவாதம் நடக்கிறது, குண்டும் விழுகிறது. அந்த விவாதங்களில் இருந்து குறிப்பெழுதிய நாட்களில் எனக்குக் கடும் கோபம் வந்திருக்கிறது. கம்பாலாவிலும் ஒரு பெரிய ஓட்டை விட்டார்கள். உறுப்பினர் அல்லாத நாடு ஆக்கிரமித்தால், பாதுகாப்புச் சபை அனுப்பினாலன்றி, அந்தக் குற்றத்துக்காக நீதிமன்றத்தால் அதன் தலைவர்களைத் தொட முடியாது. ஒருமித்த முடிவுக்காகக் கொடுத்த விலை அது. 2022 பெப்ரவரியில் அந்த விலை என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் நிலைமை இன்னும் கீழே. 2009இல் வன்னியில் நடந்தவை பாதுகாப்புச் சபையின் நிகழ்ச்சிநிரலில் ஏறவே இல்லை. நிலக்கீழ் அறையில் முறைசாராமல் கதைத்துவிட்டுக் கலைந்தார்கள். வீட்டோ போட வேண்டிய தேவையே எவருக்கும் வரவில்லை என்பதால், இந்தப் புதிய விதி அன்று இருந்திருந்தாலும் எங்களுக்கு உதவியிருக்காது.

தன்னாட்சி பற்றிய அவர்களுடைய முயற்சியையும் சொல்லியாக வேண்டும், தமிழர் எவரும் அதைக் கவனிக்காமல் போகக் கூடாது. 1990களின் தொடக்கத்தில் அவர்களுடைய அரசர் இரண்டாம் ஹான்ஸ் ஆடம் முன்வைத்த யோசனை அது. ஒரு நாட்டுக்குள் வாழும் சமூகங்களுக்குப் படிப்படியான தன்னாட்சியை ஒரு சர்வதேச உடன்படிக்கையாக எழுதலாம் என்பது கருத்து. பெரும்பாலான நாடுகள் அந்தச் சொல்லைக் கேட்டவுடனேயே முகம் சுளித்தன. ஐ.நா.வில் அது நகரவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு நிறுவனமாக மிஞ்சியது. ஆனால் சொன்னதைத் தங்கள் வீட்டிலும் செய்தார்கள். 2003இல் திருத்திய அவர்களுடைய அரசியலமைப்பின்படி, நாட்டின் பதினொரு ஊராட்சிகளில் எதுவும் பிரிந்து போக உரிமை உண்டு. அந்தப் பிரிவை முதலில் வாசித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

குறைகளை மறைக்கவும் கூடாது. வங்கி இரகசியத்தால் அந்த நாடு நீண்ட காலம் சம்பாதித்தது. 2008இல் ஜெர்மனியில் வெடித்த வரி ஏய்ப்பு விவகாரத்தில் அதன் பெயர் நன்றாக அடிபட்டது. அதன் பிறகு தகவல் பரிமாற்ற விதிகளுக்குள் வந்தார்கள். 2018இல் நவீன அடிமைத்தனத்துக்கும் ஆட்கடத்தலுக்கும் எதிராக நிதித்துறையைத் திரட்டும் ஒரு முயற்சியைத் தொடங்கியபோது, இது பெயரைக் கழுவும் வேலை என்று என் நண்பர்கள் சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காசு எந்த வழியால் ஓடுகிறது என்று தெரிந்த நாடு அதைப் பற்றிப் பேசுவதில் தனிப் பயன் இருக்கிறது.

இப்போது நான் நியூயோர்க்கில் இல்லை. ஜெனீவாவுக்கு வரும் எங்கள் இளம் செயற்பாட்டாளர்களுக்கு அலுவலக வேலைகளில் உதவுகிறேன். அவர்கள் முதலில் வாஷிங்டன், இலண்டன், டெல்லி என்றுதான் பட்டியல் போட்டுக்கொண்டு வருவார்கள். வேண்டாம் என்று சொல்வதில்லை. அதோடு லிக்டன்ஸ்டைன், கொஸ்டாரிகா போன்ற தூதுக்குழுக்களிடமும் நேரம் கேளுங்கள் என்று சொல்கிறேன். அங்கே உங்களைச் சந்திப்பவர்தான் பெரும்பாலும் வரைவை எழுதுபவரும். கண்ணீரைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், பந்தியை எழுதிக்கொண்டு போங்கள். எந்தத் தீர்மானத்தின் எந்தப் பந்தியில் எந்த வரி மாற வேண்டும் என்று ஒரு பக்கத்தில் கொடுங்கள். இலங்கைக்கான ஆதாரப் பிரிவின் ஆணை 2024 ஒக்டோபரில் வாக்கெடுப்பில்லாமல் ஒரு வருடத்துக்கு நீடிக்கப்பட்டபோது, அறைக்கு வெளியே ஒரு தம்பி, "ஒரு வருசம்தானா அண்ணா?" என்று சலித்துக்கொண்டான். ஒரு வருடத்துக்குள் எந்த ஆவணங்களை ஒப்படைக்கலாம் என்று அன்று பின்னேரமே இருவரும் இருந்து பட்டியல் எழுதினோம்.